மேலே என்று மட்டும் சொல்லத் தெரிந்தவர்

கண்ணா,

நீ கேட்ட கேள்விக்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொல்கிற அம்மாவாக நான் இருந்திருந்தால், இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது. ஞாயிற்றுக்கிழமை வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாய்: "அம்மா, நீ சொல்லு. போன்னா லண்டனுக்குப் போறேன். வேண்டாம்னா வெள்ளிக்கிழமைக்குள்ளே அவாளுக்கு எழுதிப் போட்டுடறேன்." உள்ளே உன் அப்பா, அந்தப் பந்தயக் கம்பெனி வேலைக்குப் போகிறவன் இந்த வீட்டுப் படி ஏற வேண்டாம் என்று சொல்லி முடித்து, விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். நீ கழக்கூட்டத்தில் இருக்கும் உன் அறைக்கு பஸ் ஏறிப் போய்விட்டாய். இரண்டு பேரும் பந்தை என் பக்கம் தட்டிவிட்டு ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்துகொண்டீர்கள். இப்படி ஒரு நியாயம் எந்த ஊரிலும் கிடையாது.

ஒரு விஷயம் எப்படி நடக்கிறது என்று தெரியாமல் அது நல்லதா கெட்டதா என்று சொல்ல எனக்கு வராது. இருபத்தைந்து வருஷம் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவள் நான். பிறர் பேச்சைக் கேட்கக் கூடாது என்பது அங்கே சட்டம். எதையும் அடிவரை தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் பிறவிக் குணம். இந்த இரண்டுக்கும் நடுவில் நான் பட்ட பாட்டைத் தனியாக ஒரு நாள் சொல்கிறேன். இப்போது சொல்ல வந்தது, இந்த நாலு நாளில் கிரிக்கெட் ரன் மேல் பணம் கட்டும் அந்த விளையாட்டைப் பற்றி நான் தெரிந்துகொண்டது. உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள். வரிசையாக எழுதினால்தான் எனக்கே புரிகிறது.

உன் அப்பா அப்போதெல்லாம் கல்யாண சமையல் குத்தகைக்காரர். நம் வலியசாலைப் பக்கம் அவர் பெயரைச் சொன்னால் பால் பாயசம் என்பார்கள். ஆனால் அவருடைய உண்மையான கெட்டிக்காரத்தனம் இலைக் கணக்கில் இருந்தது. ஒரு கல்யாண வீட்டுக்குள் நுழைந்து, ஒரு டம்ளர் மோர் குடிக்கிற நேரம் நிற்பார். பெண்ணின் தகப்பனாருக்கு எத்தனை உடன்பிறப்பு, முகூர்த்தம் லீவு நாளிலா, மாப்பிள்ளை ஆபீசிலிருந்து பஸ் பிடித்து வருகிறார்களா என்று பொதுவாக விசாரிப்பார். பிறகு, "மாமா, நானூத்தி எண்பதுக்குக் கொறையாது, ஐநூறைத் தாண்டாது" என்று இரண்டு எண் சொல்லுவார். சாப்பிட்டு எழுந்த இலைகள் அந்த இரண்டு எண்ணுக்கு நடுவில்தான் வந்து விழும். கீழ் எண்ணுக்குக் குறைந்தாலும் வீட்டுக்காரர் அந்த எண்ணுக்குப் பணம் கொடுத்துவிட வேண்டும். மேல் எண்ணைத் தாண்டினால் தாண்டின இலைக்குத் தனி விலை. ஆகவே இரண்டு எண் சொல்வதும், நடுவில் கொஞ்சம் இடம் விடுவதும், லண்டன்காரன் வந்து நம் வீட்டுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொன்றும் உனக்குத் தெரியும். சமையல் நடக்கிற இடத்தில் அவர் முன்னால் யாரும் "இல்லை" என்று சொல்லக் கூடாது. அரிசி தீர்ந்துபோனால் "அரிசி நெறைஞ்சிருக்கு" என்றுதான் சொல்ல வேண்டும். சாம்பார் போதாது என்று பந்தியில் ஒரு புதுப் பையன் கத்தியதற்கு, அவனை அன்றைக்கே கூலி கொடுத்து அனுப்பினார். இந்த வழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு, நானும் அரிசிப் பானையிடம் அப்படித்தான் பேசுகிறேன். ஆனால் அவருக்கு அது வழக்கம் இல்லை, நாக்கு. "குறையும்" என்கிற சொல் அந்த நாக்கில் ஏறவே ஏறாது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மேலே படி.

சாலைக் கம்போளக் கடைத்தெருவில் இலை மண்டி வைத்திருந்த தங்கராஜை நீ பார்த்திருப்பாய். நாகர்கோவில் பக்கத்துக்காரர். விடிவதற்குள் லாரியில் இலைக்கட்டு வரும். அப்பா நேரில் போய்ப் பிரித்துப் பார்த்துத்தான் வாங்குவார். நீ எட்டாம் வகுப்பு படிக்கும்போது என்று நினைக்கிறேன், ஊரெல்லாம் கிரிக்கெட் பைத்தியம் பிடித்துத் திரிந்த நேரம், தங்கராஜ் இலைக்கட்டுக்கு நடுவில் இன்னொரு வியாபாரமும் ஆரம்பித்திருந்தார். எங்கேயோ வெளியூரிலிருந்து அவருக்கு போனில் இரண்டு எண் வரும். அதை வருகிறவர்களிடம் சொல்லுவார். "சாமி, இலைய எண்ணத் தெரிஞ்ச ஆளுக்கு ரன்ன எண்ணத் தெரியாதாக்கும்? இன்னைக்கு இருநூத்தி நாப்பது, அம்பது. மேலயா, கீழயா?" என்று கேட்டிருக்கிறார். அப்பா "மேலே" என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்கு ஜெயித்தும் விட்டார். வரும்போது எனக்கு ஒரு முழம் மல்லிகைப்பூ வாங்கி வந்தார். கல்யாணம் ஆன நாளாகப் பூ வாங்கி வராத மனுஷன் பூ வாங்கி வந்தால் எந்தப் பெண்ணும் சந்தோஷப்படுவதற்கு முன்னால் சந்தேகப்பட வேண்டும். நான் சந்தோஷப்பட்டுவிட்டேன்.

அது எப்படி முடிந்தது என்று நமக்குத் தெரியும். ஒரு மத்தியானம் நம் அணி மளமளவென்று சரிந்து, நினைத்ததில் பாதி ரன்கூட எடுக்காமல் சுருண்டது. அப்பா ஒரு கல்யாண மண்டபத்தில் சாயங்கால டிபனுக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் தோற்ற பணத்துக்காக அவருடைய வெண்கலச் சமையல் பாத்திரங்கள், வார்ப்புகளும் உருளிகளும், வண்டியேறிப் போயின. பாயச வார்ப்பு இல்லாத சமையல்காரர் எப்படிக் குத்தகை எடுப்பார்? அதன் பிறகு இன்று வரைக்கும் பிறர் குத்தகையில் கூலிக்குத்தான் கரண்டி பிடிக்கிறார். நம் வீட்டு டிவியில் கிரிக்கெட் வந்தால் அணைத்துவிடுவது என்று யாரும் பேசாமலேயே ஒரு ஏற்பாடு வந்தது. எனக்கு மட்டும் ஒரு குறுகுறுப்பு இருந்துகொண்டே இருந்தது. ஒரே ஒரு மேட்ச்சில், அதுவும் பேராசை இல்லாத ஒரு மனுஷனுக்கு, எப்படி அவ்வளவு போகும்? அவரிடம் கேட்க எனக்கு மனசு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ பீன்ஸ் நறுக்கிக்கொண்டே விளக்கியபோதுதான் முதல் முதலாகப் பிடிபட்டது. சாதாரணப் பந்தயத்தில் யார் ஜெயிப்பார் என்று நூறு ரூபாய் கட்டினால், தோற்றாலும் அந்த நூறோடு போயிற்று. இதில் அப்படி இல்லை. ரன்னுக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்கிறார்கள். நீ மேல் எண்ணுக்கு 'வாங்கி'னால், அணி அதைத் தாண்டி எடுக்கிற ஒவ்வொரு ரன்னுக்கும் உனக்கு வரும், குறைகிற ஒவ்வொரு ரன்னுக்கும் உன்னிடமிருந்து போகும். கீழ் எண்ணுக்கு 'விற்ற'வனுக்கு இதுவே தலைகீழ். "எவ்வளவு சரியா சொல்றியோ அவ்வளவு லாபம், எவ்வளவு தப்பா சொல்றியோ அவ்வளவு நஷ்டம்" என்றாய். ரன்னுக்குப் பத்து ரூபாய் என்று வைத்து இருநூற்றைம்பதுக்கு வாங்கினவன், இருநூற்றெழுபது வந்தால் இருநூறு ரூபாயோடு வருவான். நூற்றைம்பதில் சுருண்டால் ஆயிரம் ரூபாய் எண்ணி வைக்க வேண்டும். அப்பா பேசியது பத்து ரூபாய் இல்லை.

நான் விடாமல் கேட்டேன், நீயும் சலிக்காமல் சொன்னாய். அந்த ஒரு மணி நேரம் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது தெரியுமா? "நாப்பதுக்கும் அம்பதுக்கும் நடுவிலே, இருநூத்தி நாப்பத்தஞ்சு வந்தா யாரு ஜெயிச்சா?" என்று கேட்டேன். நீ சிரித்துக்கொண்டு, "ரெண்டு பேரும் தோத்தாம்மா. வாங்கினவனுக்கும் அஞ்சு நஷ்டம், வித்தவனுக்கும் அஞ்சு நஷ்டம். நடுவிலே இருக்கற பத்துதான் கடைக்காரனோட சோறு" என்றாய். அதை நான் ரொம்ப ரசித்தேன். பிறகு, "பந்தியிலே பாதியிலே எழுந்துக்கலாமோ?" என்று கேட்டேன். "தாராளமா. மேட்ச் நடக்க நடக்க எண் மாறிண்டே இருக்கும். ரெண்டு விக்கெட் போச்சுன்னா இருநூறு, இருநூத்திப் பத்துன்னு எறங்கும். அப்போ இருநூறுக்கு வித்துடலாம். அம்பது ரன் நஷ்டத்தோட தப்பிச்சுண்டு வந்துடலாம்" என்றாய். பாதியில் எழுந்து வர ஒரு கதவு இருந்திருக்கிறது. அது இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது.

கடைசியில் உன் வேலையைக் கேட்டேன். அந்த எண்ணை நகர்த்துகிற புரோகிராமில் ஒரு பகுதியை நீ எழுத வேண்டும் என்றாய். அந்த ஊரில் சட்டப்படி, அரசாங்க அனுமதியோடு நடக்கிற கம்பெனி, ஆளுக்கு ஆள் எண்ணை மாற்ற மாட்டார்கள், எல்லோருக்கும் ஒரே எண் என்றும் சொன்னாய். ஆனால் கூட்டம் முழுக்க மேலே வாங்கினால் எண் மேலே ஏறும். "தன்னோட டீம் ஆடறச்சே ஜனங்களுக்கு ஆசை ஜாஸ்திம்மா. எல்லாரும் மேலேதான் வாங்குவா. அந்த ஆசை எவ்வளவுன்னு அளந்து, அதுக்கேத்த மாதிரி எண்ணை ஏத்தணும். அதுதான் என்னோட பார்ட்" என்று நீ சொன்னபோது உன் முகத்தில் எவ்வளவு பெருமை! கஷ்டமான கணக்கு என்று புரிந்தது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து அப்பா உள்ளேயிருந்து எழுந்து வந்தார். மீதியை இருவரும் தெருவுக்கே கேட்கிற மாதிரி பேசிக்கொண்டீர்கள்.

செவ்வாய்க்கிழமை நான் சாலைக் கம்போளத்துக்குப் போனேன். வெற்றிலை வாங்கப் போவதாக அப்பாவிடம் சொன்னேன், வெற்றிலையும் வாங்கினேன், ஆகவே அது பொய் ஆகாது. தங்கராஜ் இப்போதும் அதே மண்டியில்தான் இருக்கிறார். மற்ற வியாபாரத்தை எப்போதோ விட்டுவிட்டார். என்னை அடையாளம் கண்டுகொண்டு எழுந்து நின்று, துண்டால் ஸ்டூலைத் தட்டி உட்காரச் சொன்னார். கேட்க வந்ததை நேராகக் கேட்டேன். சண்டைக்கு வரவில்லை, எப்படி நடந்தது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான் என்று சொன்னேன். இலையின் காம்பைக் கிள்ளிக்கொண்டே சொன்னார்.

"சாமி ஒரு நாளும் கீழ சொன்னதில்லம்மா. எந்த டீமு ஆடுனாலும், மழ பெய்தாலும், மேலதான். எனக்கு மேல உள்ளவனுக்கு அது தெரிஞ்சு போச்சு. அந்தச் சாமிக்கு மட்டும் பத்து ஏத்திச் சொல்லுன்னு சொல்லுவான். மத்தவங்களுக்கு நாப்பது அம்பதுன்னா, சாமிக்கு அம்பது அறுவது. நானும் சொன்னேன்மா. சொல்லலன்னா எனக்கு அந்த ஏவாரம் கெடையாது."

எனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது, ஆனால் அதற்கு முன்னால் ஆச்சரியம் வந்துவிட்டது. பந்திக்கு வருகிறவர்களின் பசியை அப்பா எடைபோட்ட மாதிரி, எங்கேயோ உட்கார்ந்து ஒருவன் அப்பாவின் நாக்கை எடைபோட்டிருக்கிறான். தங்கராஜ் நிறுத்தவில்லை.

"ஆனா ஒண்ணு கேட்டுக்கிடுங்க. அன்னைக்கி விக்கெட்டு விழத் தொடங்குன ஒடனே நானே மண்டபத்துக்கு ஓடுனேன். பின்னால அடுப்படியில நின்னாரு. 'சாமி, கீழன்னு ஒரு சொல்லு சொல்லிருங்க, பாதியில முடிச்சுக்கிடலாம், போனது இத்தோட போவட்டும்'னு கையப் பிடிச்சுச் சொன்னேன். என்னயும் அடுப்பயும் பாத்தாரு. 'அடுப்பு எரியற எடத்துலே நின்னுண்டு அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டேன் தங்கராஜே, நீ போ'ன்னுட்டாரு. வெளிய வந்து சொல்லுங்கன்னேன். எண்ணெ காஞ்சிட்டுது, விட்டுட்டு வர முடியாதுன்னாரு. நான் திரும்பி வரதுக்குள்ள இன்னும் ரெண்டு விக்கெட்டு போச்சு."

மேலே வாங்கினவன் வெளியே வர வேண்டுமென்றால் கீழே விற்க வேண்டும். கதவு இருந்தது, ஆனால் அதைத் திறக்கிற வார்த்தை அவர் வாயில் வராத வார்த்தை. ஸ்டூலில் உட்கார்ந்தபடியே நான் அழுதுவிட்டேன். வேறொரு வீட்டுக் கல்யாணச் சமையல் குறைந்துவிடக் கூடாதென்று தன் வீட்டைக் குறைத்துக்கொண்ட மனுஷனை என்ன சொல்லித் திட்டுவது? முட்டாள் என்றால் முட்டாள்தான். ஆனால் அந்த மாதிரி முட்டாளின் கையால்தான் கல்யாணச் சாப்பாடு சாப்பிட வேண்டும் என்றும் தோன்றியது. தங்கராஜ் ஒரு கட்டு இலையைச் சும்மா கொடுக்கப் பார்த்தார். காசு கொடுத்துத்தான் வாங்கி வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா இலைக்கட்டைப் பார்த்தார், வெற்றிலையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். ஒளிக்க முடியாது என்று தெரிந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பத்து ரன் ஏற்றியதைக் கேட்டதும் கத்துவார் என்று நினைத்தேன். "பத்துதானா? நான் ஒவ்வொரு பந்திக்கும் இருபது இலைக்குச் சாதம் கூடத்தானே வடிச்சிருக்கேன்" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு நீ எனக்குச் சொல்லித் தந்ததையெல்லாம் கேட்டார். கேட்டார் என்றால் சும்மா இல்லை. இரண்டு எண் எப்படி வருகிறது, கூட்டம் சாய்ந்தால் எவ்வளவு ஏறும், ஏறினது வாங்குகிறவனுக்குத் தெரியுமா என்று ஒன்றொன்றாகக் கேட்டார். பாதிக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. "இதெல்லாம் கொழந்தை ஒத்தையா இருந்து கணக்குப் போடப் போறானா?" என்று கேட்டபோது அந்தக் குரலில் இருந்ததை நீ கேட்டிருக்க வேண்டும். படி ஏறக் கூடாது என்று சொன்ன அதே மனுஷன்தான்.

ராத்திரிச் சாப்பாடு முடிந்து கை அலம்பிக்கொண்டு வந்தவர் என் எதிரில் உட்கார்ந்தார். கோபமாகப் பேசவில்லை. கல்யாண வீட்டில் விவரம் விசாரிக்கும்போது பேசுவாரே, அந்தக் குரலில்தான் பேசினார்.

"ஒண்ணு மட்டும் அவன்ட்டே கேட்டுச் சொல்லு. கரமனையிலே ஒரு மாமா, ஒத்தைப் பெண்ணு, ஆசை. எழுநூறு இலை போடணும்னார். நான் விசாரிச்சுட்டு, 'மாமா, ஐநூறு போரும், கடன் வாங்காதீங்கோ'ன்னேன். இருநூறு இலைக் காசு என் கைக்கு வர வேண்டியது, நான்தான் வேண்டாம்னேன். ஆசையிலே ஜாஸ்தி கேக்கறவனை இருத்தி, போரும்னு பறயறதும் என் தொழில்லே உண்டு, கேட்டியோ. நம்ம பையன் உக்காரப் போற இடத்துலே, ஒருத்தன் ஆசையிலே மேலே மேலேன்னு வாங்கிண்டே இருந்தா, 'போரும் மாமா'ன்னு இவன் சொல்லலாமோ? சொல்ல விடுவாளோ? இல்லே, எண்ணை மட்டும் ஏத்திண்டு இருக்கணுமோ?"

எனக்குத் தெரியாது என்றேன். "அப்போ அவனுக்கும் தெரிஞ்சிருக்காது. கேட்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

ஆகவே, நீ என்னிடம் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை, இந்தக் கேள்வியைத்தான் அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் அந்தக் கம்பெனிக்காரர்களுக்குப் போன் செய்து இதைக் கேள். அவர்கள் சிரிக்கலாம். சிரித்தால் எப்படிச் சிரித்தார்கள் என்றும் கவனித்து வை, அதையும் நான் தெரிந்துகொள்ள வேண்டும். 'போரும் மாமா' என்று சொல்லலாம் என்று அவர்கள் சொன்னால் தைரியமாகப் போ. சொல்லக் கூடாது என்றாலும், போவதா வேண்டாமா என்பது உன் இஷ்டம், நான் குறுக்கே நிற்க மாட்டேன். வயது வந்த பிள்ளைக்கு வழி மறிக்கிற அம்மாவாக நான் இருக்க விரும்பவில்லை. ஆனால் அவர்கள் சொன்ன பதிலை எனக்கு எழுதாதே. நீயே வந்து, அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போ.

உன் அம்மா